கோயில் மண்டபத்துக்கு ஓஎல்இடி விளக்கு: 70 விழுக்காடு மிச்சம் என்கிறார்கள், நம்பலாமா?

மண்டபக் கணக்கு:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் எங்கள் கோயில் மண்டபத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். கூரை வேலை முடிந்தது, அடுத்து விளக்கு. இப்போது தொங்குவதெல்லாம் பழைய நாலடி ட்யூப் லைட், மொத்தம் 40. பாதி மினுக்குகிறது. சோக் சூடானால் தார் வாடை அடிக்கிறது. போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எங்களுக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

ஒரு விற்பனையாளர் விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ‘ஓஎல்இடி மின்சேமிப்புப் பலகை’ என்று போட்டிருக்கிறது. 60 செண்டிமீட்டர் சதுரம், ஒன்று 40 வாட், 40 ட்யூபுக்குப் பதில் 24 பலகை போதுமாம். மின்சாரம் 70 விழுக்காடு மிச்சமாகும் என்கிறார். குழுவில் இளைஞர்களுக்கு ஆசை வந்துவிட்டது. பொருளாளர் விலையைப் பார்த்ததிலிருந்து பேசவே இல்லை. ஓஎல்இடி என்றால் டிவி தெரியும், கைப்பேசித் திரை தெரியும். விளக்காகவும் வருகிறதா? உண்மையிலேயே மிச்சமா? ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லூனாஸ் வயர்மேன்:
அக்கா, முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் வெளிச்சம் எத்தனை லுமென் என்று எழுதியிருக்கிறதா? பலகை எவ்வளவு கனம்? சிரிம் என்கிற மலேசியத் தர முத்திரை எண் இருக்கிறதா? மாதிரி ஒன்று கையில் கொடுத்தாரா? இதெல்லாம் போடுங்கள், பிறகு பேசலாம். வாட் மட்டும் தெரிந்து ஒன்றும் ஆகாது.

மூன்றாம் ஷிஃப்ட்:
ஓஎல்இடி விளக்காக வருகிறது, பொய் இல்லை. நான் கூலிம் தொழிற்பேட்டையில் வேலை, எல்இடி பக்கம். அதனால் கொஞ்சம் ஒருதலையாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண எல்இடி என்பது மிளகு அளவுகூட இல்லாத ஒரு சில்லு. அந்தப் புள்ளியிலிருந்து வெளிச்சம் கண்ணைக் குத்துகிற மாதிரி வரும். அதைப் பரப்ப முன்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி போடுவார்கள். ஓஎல்இடியில் புள்ளியே கிடையாது. கண்ணாடித் தகட்டில் கரிமச் சேர்மங்களை அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். எல்லா அடுக்கும் சேர்ந்து ஒரு மைக்ரானைத் தொடாது. ஒரு பக்கம் ஒளி புகும் மின்முனை, மறுபக்கம் அலுமினியம் போன்ற உலோக மின்முனை. மின்சாரம் பாய்ந்தால் அந்தப் பரப்பு முழுவதும் ஒரே சீராக ஒளிரும். நேராகப் பார்த்தாலும் கண் கூசாது.

ஒரு கண்காட்சியில் தொட்டே பார்த்திருக்கிறேன். எரிந்துகொண்டிருந்த தகட்டின் மேல் விரல் வைத்தால் லேசான வெதுவெதுப்புதான். அணைத்ததும் தகடு முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிவிட்டது. பின்னால் இருக்கிற உலோகப் பூச்சு தெரிகிறது, அதனால்தான். அழகு என்றால் அழகு. ஆனால் மின்சாரம் மிச்சமா என்பது தனிக் கதை.

செம்பனைக்காடு:
எங்கள் வீட்டில் ஓஎல்இடி டிவி இருக்கிறது. கடைக்காரரும் இதே பாட்டுதான் பாடினார், கரண்டு மிச்சம் என்று. படம் இருட்டாக இருந்தால் மிச்சம், கறுப்பு வருகிற இடத்தில் புள்ளி அணைந்துவிடுகிறது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆடினால் மிச்சமும் இல்லை ஒன்றும் இல்லை. விளக்கு என்றால் முழு நேரமும் வெள்ளைதானே?

அப்புறம் ஒன்று கேட்கிறேன். மண்டபத்தில் ஏர்கான் இருக்கிறதா? இருந்தால் விளக்கைப் பற்றிப் பேசுவதே நேர விரயம். மீட்டரைச் சுற்ற வைப்பது அதுதான்.

மண்டபக் கணக்கு:
ஏர்கான் மணமக்கள் அறையில் மட்டும். மண்டபத்தில் மின்விசிறிதான்.

தீவுக்காரன்:
நான் பினாங்கில் பொருளறிவியல் படிக்கிறேன், ஊர் பாடாங் செராய்தான். இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987-இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர் இரண்டே அடுக்கில் ஒரு கரிம விளக்கைச் செய்து காட்டினார்கள். பச்சை ஒளி, 10 வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்தாலே எரிந்தது. அதற்கு முன் கரிமப் பொருளை ஒளிர வைக்க நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டியிருந்தது. 1990-இல் கேம்பிரிட்ஜில் பிளாஸ்டிக் வகைப் பொருளிலேயே ஒளியை வரவழைத்தார்கள். வெள்ளை ஒளி வந்தது 1990-களின் நடுவில், ஜப்பானில் யமகாட்டா பல்கலைக்கழகத்தில் ஜுன்ஜி கிடோவின் குழு செய்தது. விளக்காகப் பயன்படுத்தலாம் என்ற ஆசை அங்கேதான் தொடங்கியது.

மின்சேமிப்பு என்று வந்தால் இரண்டு இடத்தில் சிக்கல். முதல் சிக்கல் உள்ளே. மின்சாரம் அந்தச் சேர்மத்தில் உண்டாக்கும் கிளர்ச்சி நிலைகளில், அதாவது மூலக்கூறு ஆற்றலேறி நிற்கிற நிலைகளில், நான்கில் ஒன்றுதான் சாதாரணமாக ஒளியாகும். மற்ற மூன்றும் வெப்பமாகப் போய்விடும். 1990-களின் கடைசியில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபாரஸ்ட், தாம்சன் குழுவினர் பிளாட்டினம், இரிடியம் கலந்த சேர்மங்களைச் சேர்த்து அந்த மூன்றையும் ஒளியாக்கிக் காட்டினார்கள். சிவப்பும் பச்சையும் அப்படித்தான் இன்று ஓடுகின்றன. நீலம் மட்டும் சண்டித்தனம் செய்கிறது. அந்த முறையில் நீலத்துக்கு ஆயுள் குறைவு, அதனால் பெரும்பாலும் பழைய முறையிலேயே விடுகிறார்கள். வெள்ளை விளக்குக்கு நீலம் இல்லாமல் முடியாது.

இரண்டாவது சிக்கல் வெளியே. உண்டான ஒளி கண்ணாடிக்கும் அடுக்குகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். அதை மீட்க நுண்வில்லைத் தாள், சிதறடிக்கும் படலம் என்று என்னென்னவோ ஒட்டுகிறார்கள். 2009-இல் ஜெர்மனியில் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் தனி வகைக் கண்ணாடியை வைத்து வாட்டுக்கு 90 லுமென் எடுத்துக் காட்டினார்கள். ட்யூப் லைட்டை எட்டிவிட்டோம் என்று அப்போது பெரிய பேச்சு. ஆனால் அது ஆய்வகம். கடைக்கு வந்த பலகைகள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் நின்றன.

பழைய கிராணி:
தம்பி எழுதியதில் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் படிக்கச் சுகமாக இருந்தது.

எங்கள் காலத்தில் தோட்டத்து லயங்களில் எஞ்சின் கரண்டுதான். ராத்திரி பத்து மணி வாக்கில் எஞ்சினை நிறுத்துவார்கள். அதற்குள் பிள்ளை படித்தாக வேண்டும். காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கார்பைடு விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். மின்சேமிப்பு என்று யாரும் பாடம் எடுக்கவில்லை, எஞ்சின் டிரைவரே சேமித்துக் கொடுத்தார்!

என் சந்தேகம் ஒன்றுதான். 70 விழுக்காடு என்று சொல்கிறாரே, எதிலிருந்து 70? குண்டு பல்பிலிருந்தா, ட்யூபிலிருந்தா? கணக்குப்பிள்ளையாக இருந்தவனுக்கு அது முதலில் தெரிய வேண்டும்.

லூனாஸ் வயர்மேன்:
கிராணி ஐயா சரியான இடத்தில் பிடித்தீர்கள். கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

பழைய ட்யூப் 36 வாட். சோக் தின்கிறதையும் சேர்த்தால் 45 வாட் என்று வையுங்கள். 40 ட்யூப், 1800 வாட். விற்பனையாளர் சொல்வது 24 பலகை, ஒன்று 40 வாட், ஆக 960 வாட். 1800 எங்கே, 960 எங்கே? குறைவது 840. அது 47 விழுக்காடுகூட முழுசாக இல்லை. அவர் கொடுத்த எண்ணை வைத்தே 70 வரவில்லை.

இப்போது என் வழி. அதே சட்டத்தில் 18 வாட் எல்இடி ட்யூபை மாட்டினால் 40-க்கு 720 வாட். 60 விழுக்காடு மிச்சம். கூரையைத் தொட வேண்டாம், புதுச் சட்டம் வேண்டாம்.

பணமாகப் பார்த்தால் 1800-லிருந்து 720, அதாவது 1080 வாட் குறைகிறது. தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 162 அலகு. அலகு 50 காசு என்று கணக்குக்கு வைத்தால் 81 வெள்ளி (ரிங்கிட்). ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் அக்கா, கல்யாண மண்டபம் தினமும் எரியாது. சனி ஞாயிறு மட்டும் என்றால் இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதனால் விலை உயர்ந்த பொருளைப் போட்டு மிச்சத்தில் எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஓஎல்இடிக்கும் இதுதான், விலை உயர்ந்த எல்இடிக்கும் இதுதான்.

தீவுக்காரன்:
வயர்மேன் அண்ணன் கணக்கில் குறை சொல்ல மாட்டேன். ஒரு இடத்தில் மட்டும் ஓஎல்இடிக்கு நியாயம் கேட்கிறேன். ‘வாட்டுக்கு இத்தனை லுமென்’ என்று எல்இடி சில்லுக்குச் சொல்கிற எண் வேறு, கூடு மூடி எல்லாம் மாட்டிய பிறகு அறைக்குள் வருகிற எண் வேறு. கூச்சம் தெரியாமலிருக்கப் பால்நிற மூடி போட்டால் அதிலேயே ஒரு பங்கு ஒளி போய்விடும். ஓஎல்இடிக்கு மூடியே வேண்டாம். பலகைதான் விளக்கு. அதனால் நிஜ வித்தியாசம் காகிதத்தில் தெரிகிற அளவுக்கு இல்லை.

லூனாஸ் வயர்மேன்:
> நிஜ வித்தியாசம் காகிதத்தில் தெரிகிற அளவுக்கு இல்லை

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் நான் மாட்டுகிற எல்இடி ட்யூபில் மூடியோடு சேர்த்துத்தான் வாட்டுக்கு 110 லுமென் என்று அட்டையில் போட்டிருக்கிறது. நீ சொல்கிற கடை ஓஎல்இடி எவ்வளவு கொடுக்கும்? 60? 80? அதுவும் எத்தனை பலகை வேண்டும் என்று நீயே கணக்குப் போட்டுச் சொல். பரப்பின் பிரகாசத்தை அளக்கிற அந்தக் கேண்டெலா கணக்கு எனக்கு வராது.

தீவுக்காரன்:
சரி. ஓஎல்இடி பலகையைச் சதுர மீட்டருக்கு 3000 கேண்டெலா அளவில் எரிப்பது வழக்கம். இன்னும் பிரகாசமாக எரிக்கலாம், ஆயுள் குறையும். 10 செண்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்று அந்த அளவில் 94 லுமென் தரும். உங்கள் எல்இடி ட்யூப் ஒன்று 2000 லுமென். ஆக ஒரு ட்யூபுக்கு ஈடாக 21 பலகை. மண்டபம் முழுவதற்கும் 800-க்கு மேல்.

வாட்டுக்கு 60 லுமென் என்று வைத்தால் ஒரு ட்யூப் அளவு வெளிச்சத்துக்கு 33 வாட். நீங்கள் 18 வாட்டில் முடிக்கிறீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். பழைய ட்யூப் ஏறக்குறைய 3000 லுமென், சோக்கோடு 45 வாட். அதாவது வாட்டுக்கு 67. கடை ஓஎல்இடியும் சுமார் அதே இடத்தில்தான். நிஜமான ஓஎல்இடியாக இருந்தால் ட்யூபிலிருந்து 70 விழுக்காடு மிச்சம் வரவே வராது. மிச்சம் வருகிறது என்றால் அது ஓஎல்இடி இல்லை.

செம்பனைக்காடு:
அடடா, முடிச்சை அவிழ்த்துவிட்டாய்.

டீச்சரம்மா:
உங்கள் சண்டையில் நுழைகிறேன். மண்டபத்தின் பின்னால் ஒரு சிறிய அறையில் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். எனக்கு மின்கட்டணத்தைவிடப் பிள்ளைகளின் கண்தான் கவலை. எல்இடி மாற்றிய பிறகு தலை வலிக்கிறது என்று சில பிள்ளைகள் வேறோர் இடத்தில் சொன்னார்கள். வெளிச்சம் நீலமாக, மருத்துவமனை மாதிரி இருந்தது. இந்தச் சிறிய அறைக்கு மட்டும் ஓஎல்இடி போட்டால் என்ன?

தீவுக்காரன்:
டீச்சர், ஓஎல்இடி வெற்றி பெறுகிற இடம் அதுதான். கூச்சம் இல்லை, நிழல் மெல்லியதாக விழும், புற ஊதா இல்லை, நீல ஒளி மட்டும் ஓங்கி நிற்பதும் குறைவு. புத்தகத்தின் மேல் வெளிச்சம் படுகிற விதமே வேறு மாதிரி இருக்கும். படிக்கிற மேசைக்கு ஒரு விளக்கு என்றால் நான் மனதாரச் சொல்வேன்.

லூனாஸ் வயர்மேன்:
டீச்சர், நீங்கள் சொல்கிற தலைவலிக்கு எல்இடி காரணம் இல்லை, வாங்கினவர்தான் காரணம். 6500 கெல்வின் என்கிற நீலம் தூக்கலான வெள்ளையை வாங்கி மூடி இல்லாமல் தாழ்வாக மாட்டியிருப்பார்கள். அதோடு விளக்குக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற டிரைவர் மலிவானது என்றால் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும். கைப்பேசி கேமராவை விளக்குக்கு நேராகக் காட்டுங்கள், திரையில் கறுப்புக் கோடு ஓடினால் அந்தச் சரக்கை வாங்காதீர்கள். 4000 கெல்வின், அதாவது நீலம் குறைந்த வெள்ளை, மூடி போட்ட நல்ல ட்யூப், மேசையிலிருந்து உயரமாக, பிள்ளையின் கண்ணுக்கு நேரே வராமல். முதலில் இதைச் செய்து பாருங்கள். ஓஎல்இடி மேசை விளக்கு கெட்டுப்போனால் நான் உதிரி எங்கே வாங்குவேன்? லூனாஸில் கிடையாது, பினாங்கிலும் தேட வேண்டும்.

மூன்றாம் ஷிஃப்ட்:
உதிரி விஷயம் சொன்னீர்களே, அதுதான் பெரிய விஷயம். இந்தத் தொழிலின் கதையைப் பாருங்கள். கண்டுபிடித்த கோடாக் 2009-இல் ஓஎல்இடி தொழிலை எல்ஜிக்கு விற்றது. கோடாக்கில் வேலை செய்தவர்கள் 2010-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஓஎல்இடிவொர்க்ஸ் என்று தனியாகத் தொடங்கினார்கள். பிலிப்ஸ் தன் ஓஎல்இடி விளக்குப் பிரிவை 2015-இல் அவர்களிடமே கொடுத்துவிட்டது. எல்ஜி பெரிய அளவில் இறங்கிப் பார்த்து 2020-இல் விளக்குப் பக்கத்தை மூடியது, திரைகளோடு நின்றுவிட்டது. ஜெர்மனியின் விளக்கு நிறுவனம் ஆஸ்ராமும் 2009-இல் ஓஎல்இடி பலகை கொண்டுவந்தது. அதே ஆஸ்ராம் 2017-இல் நம் கூலிமில் பெரிய தொழிற்சாலை திறந்தபோது அது எல்இடி சில்லுக்குத்தான். பணம் எந்தப் பக்கம் போனது என்று இதிலேயே தெரிகிறது.

இன்று விளக்கு வகை ஓஎல்இடியை நாம் பார்க்கக்கூடிய இடம் காரின் பின்பக்கம். பிஎம்டபிள்யூ, ஆடி ஆகியவை 2016 வாக்கில் பின்விளக்கில் போட ஆரம்பித்தன. அங்கே வாட் கணக்கு யாரும் பார்ப்பதில்லை, மெல்லியதாக, அழகாக இருந்தால் போதும்.

நம் ஊருக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஈரப்பதமும் ஆக்சிஜனும் உள்ளே புகுந்தால் ஓஎல்இடி பரப்பில் கறுப்புப் புள்ளி விழும், விழுந்தது வளரும். அதனால்தான் கண்ணாடிக்குள் வைத்து இறுக்கமாக மூடுகிறார்கள். நல்ல சரக்கு தாங்கும். ஆனால் கூரைத் தகடு வியர்க்கிற மண்டபத்தில் ஓரம் உடைந்த பலகை எத்தனை நாள் தாங்கும் என்று யோசியுங்கள்.

மண்டபக் கணக்கு:
கேட்ட விவரம் வாங்கிவிட்டேன். விற்பனையாளர் மாதிரி ஒன்று கொண்டுவந்தார். பின்புறச் சிட்டையில் 40 வாட், 4000 லுமென், 6500 கெல்வின். ஓரம் அலுமினியச் சட்டம், ஒரு செண்டிமீட்டர் கனம் இருக்கும். வயரில் வெள்ளைப் பெட்டி ஒன்று தொங்குகிறது. அணைத்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு மாதிரி இருக்கிறது, முகம் தெரியவில்லை. எரியும்போது பக்கவாட்டில் பார்த்தால் சட்டத்தை ஒட்டி வெளிச்சம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது.

மூன்றாம் ஷிஃப்ட்:
அக்கா, அது ஓரத்தில் எல்இடி வரிசை வைத்த சாதாரணப் பலகை. வெளிச்சம் சட்டத்தின் உட்பக்கத்திலிருந்து அக்ரிலிக் தகட்டுக்குள் பாய்ந்து முன்னால் வருகிறது. பஞ்சாயத்து முடிந்தது. 4000-ஐ 40-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 100, அது எல்இடியின் எண்தான்.

மோசமான சரக்கு என்று சொல்லவில்லை. அலுவலகங்களில் எங்கும் இருக்கிறது. ஓஎல்இடி என்று பெயரைப் போட்டு விலையை ஏற்றியதுதான் தப்பு.

பழைய கிராணி:
‘ஓ’ ஒன்றைச் சேர்த்து எவ்வளவு கூட்டினார் என்று பொருளாளரிடம் கேளுங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

மண்டபக் கணக்கு:
பொருளாளர் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார், நிறுத்த முடியவில்லை ஐயா. வயர்மேன் தம்பி, எல்இடி ட்யூப் போடுவது என்று கூட்டத்தில் வைக்கப் போகிறேன். பின்னறைக்கு டீச்சர் கேட்டபடி 4000 கெல்வின். பழைய சட்டத்தில் அப்படியே மாட்டிவிடலாமா? வேறு என்ன செய்ய வேண்டும்?

லூனாஸ் வயர்மேன்:
சோக்கைக் கழற்றிவிட வேண்டும் அக்கா. ஸ்டார்ட்டருக்குப் பதில் ஒன்றைச் செருகி சோக்கோடேயே ஓட்டுகிற ட்யூபும் உண்டு, ஆனால் சோக் சும்மா இருந்து சில வாட் தின்றுகொண்டிருக்கும், அந்தத் தார் வாடையும் போகாது. கழற்றி நேரடியாக 240 வோல்ட் கொடுத்தபின் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவேன். நாளைக்கு யாராவது தெரியாமல் பழைய ட்யூபை மாட்டிவிடக் கூடாது.

சுவிட்சையும் பிரித்துக் கொடுக்கிறேன். இப்போது ஒரு சுவிட்சைத் தட்டினால் 40-ம் எரிகிறது என்று நினைக்கிறேன். மேடை தனி, நடு தனி, சாப்பாட்டுப் பக்கம் தனி என்று பிரித்தால், மண்டபம் கூட்டுகிற நேரத்தில் பத்து விளக்கு போதும். உங்கள் மாதிரி வாரக் கடைசி மண்டபத்துக்கு அதில் வருகிற மிச்சமும் சின்னதில்லை. இடி அடிக்கிற ஊர், மின்பகிர்வுப் பலகையில் மின்னெழுச்சித் தடுப்பு ஒன்றும் போட்டுவிடலாம், இல்லையென்றால் ஒரே மழையில் பாதி டிரைவர் போய்விடும்.

டீச்சரம்மா:
கழற்றுகிற பழைய ட்யூபை என்ன செய்வீர்கள்? போன முறை பையன்கள் கோயில் பின்னால் குப்பை மேட்டில் வைத்து உடைத்து விளையாடினார்கள்.

தீவுக்காரன்:
உடைக்க விடாதீர்கள் டீச்சர், ஒவ்வொன்றிலும் பாதரசம் இருக்கிறது. அதற்காகத்தான் பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் கூடி, நீள ட்யூப் லைட் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதாக ஒப்புக்கொண்டன. எப்படியும் மாற்றியே ஆக வேண்டியதுதான்.

லூனாஸ் வயர்மேன்:
புது ட்யூப் வருகிற அட்டைப் பெட்டியை வீசாதீர்கள். பழையதை அதிலேயே போட்டுக் கட்டி வைத்துவிடுங்கள். மின்கழிவு எடுக்கிற இடத்துக்கு என் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறேன். அக்கா, சனிக்கிழமை காலை வந்து சட்டங்களை எண்ணிவிடட்டுமா? ஏணி மண்டபத்தில் இருக்கிறதா, நான் கொண்டுவர வேண்டுமா?

மண்டபக் கணக்கு:
ஏணி இருக்கிறது, ஒரு கால்தான் ஆடுகிறது. நீங்களே கொண்டுவந்துவிடுங்கள் தம்பி. ஒன்பது மணிக்குமேல் வாருங்கள், அதற்கு முன் பூசை.